எதிரணியில் தரணீதரன்

அத்தியாயம் பதினேழு

வாய்க்கால் கரையில் சவாரி போயிருந்த விருந்தாளிகள் திரும்பி வரும் குளம்புச் சத்தம் தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் கேட்டது. தேஜஸ்ரீ தலையைத் தூக்காமல் வேங்கை என்கிற தன் குதிரையின் வாலைப் பின்னிக்கொண்டிருந்தாள். போலோ ஆடுகிற குதிரைக்கு வால் பறக்கக் கூடாது. வீசுகிற மட்டை அதில் சிக்கினால் ஆளும் போகும், ஆட்டமும் போகும்.

பின்னி முடித்து, துணிப்பட்டையால் இறுக்கிக் கட்டி, வேங்கையின் பின்புறத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.

கணியூரில் அவளுடைய அப்பா கரும்பு போட்ட நிலம் அது. போன ஆனி மாதம் ஒற்றைப் பெட்டியோடு அவள் இங்கே வந்து இறங்கியபோது முழங்கால் உயரத்துக்குக் கோரை மண்டிக் கிடந்தது. இன்றைக்கு அதே இடத்தில் ஒன்பது குதிரைகள், விருந்தாளிகள் தங்க வரிசையாக ஓட்டு அறைகள், டிராக்டர் வைத்துச் சமன் செய்து அருகம்புல் வளர்த்த மைதானம். பொங்கல் விடுமுறைக்குக் குதிரைச் சவாரி, கூடவே போலோ போட்டி என்று அவள் அறிவித்தபோது திருப்பூரில் சிரித்தவர்கள்தான் அதிகம். சிரித்தவர்களில் பாதிப் பேர் குடும்பத்தோடு வந்து இப்போது பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களை வரவழைக்க அவள் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. போனில் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். "வருசம் முச்சூடும் போலோ டி-ஷர்ட் தைக்கறீங்க. போலோன்னா என்னன்னு ஒருக்காவாச்சும் பாக்க வேண்டாமுங்களா?"

அந்தக் கேள்வி பலித்தது.

வீரணன் தோப்பு வழியாக வேகமாக வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். ராணுவத்தின் குதிரைப்படையில் இருந்து ஓய்வு பெற்று வந்து, சவாரி சொல்லிக் கொடுப்பதையே பிழைப்பாக்கிக்கொண்டவர். தேஜஸ்ரீக்கும் அவள் கணவனுக்கும் கல்யாணமான புதிதில் குதிரை ஏறவும் போலோ ஆடவும் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். இன்றைய ஆட்டத்தில் அவள் அணியின் மூவரில் ஒருவர்.

"காங்கேயம் டீமுல ஒரு ஆளை மாத்தியிருக்காங்கம்மா."

"யாரப் போட்டிருக்காங்க?"

வீரணன் தன் பூட்ஸைப் பார்த்தார். "தரணி தம்பிதாம்மா."

தேஜஸ்ரீ வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். அவசரப்படாமல் கழுவினாள்.

"இன்னொண்ணும் இருக்கு. அவரு ஏறி வந்திருக்கது நம்ம செம்பி மேல."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள்.

தரணீதரன் அவள் கணவன். திருப்பூர் அவிநாசி சாலையில் பெரிய பனியன் கம்பெனி வைத்திருக்கும் பொங்கியண்ணனின் ஒரே மகன். அந்தக் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கையாண்டது தேஜஸ்ரீ. காலையில் செம்பி என்கிற செவலைக் குதிரையில் ஒரு சவாரி, பிறகு ஆபீஸ் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது வாழ்க்கை. அப்புறம் அவள் உண்டானாள். தெரிந்த அன்றைக்கே சவாரியை நிறுத்தினாள். நாலாம் மாதம் கரு கலைந்தது.

குதிரை ஏறியதால்தான் என்று வீடு பேசியது. சொந்தம் பேசியது. சவாரிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது தரணீதரன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். அந்த ஒரு வார்த்தையை அவன் வீட்டில் வந்து சொல்லவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய வாரம், மாமனார் செம்பியை விற்றுவிட்டார். அதையும் அவன் பார்த்துக்கொண்டு இருந்தான். அவள் சண்டை போடவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மைதானத்தின் ஓரத்தில் செம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றிருந்தான். மெலிந்திருந்தான். ஏசி அறையில் உட்கார்ந்து மெயில் பார்க்கிற ஆள், வயல்காட்டில் நின்றவன் போலக் கறுத்திருந்தான்.

செம்பி அவளைக் கண்டதும் மூக்கை நீட்டியது. தேஜஸ்ரீ உள்ளங்கையைக் கொடுத்தாள். சூடான மூச்சு கையை நனைத்தது. அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகுதான் கணவன் பக்கம் திரும்பினாள்.

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ?"

"பாக்கறீங்களே."

அவன் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தான். "நெம்ப நல்லாப் பண்ணியிருக்கே, தேஜு."

"இவ எங்க கெடைச்சா?"

"எனக்கே தெரியாது. ஐப்பசியில ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா ஊட்டு வாசல்ல வேன் நிக்குது. உள்ள இவ. அப்பாதான் எங்கயோ போயிக் கூட்டிட்டு வந்திருக்காரு. எங்கேன்னு கேட்டேன். குதிரை வந்துருச்சல்ல, வேலையப் பாருன்னுட்டாரு."

விற்றவரே தேடிப் போய் மீட்டுக்கொண்டு வந்தாரா? தேஜஸ்ரீக்கு அது மனதில் சட்டென்று உட்காரவில்லை.

"அப்பறம்?"

"அப்பறம் தெனமும் விடியால காங்கேயம் போயி ஆடிப் பழகுனேன். உங்கிட்ட வர்றதுக்கு வேற வழி தெரியல."

"வாசல்ல வந்து கூப்பிட்டிருந்தாக் கதவத் தொறந்திருப்பேனுங்க."

"தொறந்திருப்பே. என்ன பேசறதுன்னு எனக்குத்தான் தெரியல."

அவள் செம்பியின் கழுத்துப் பட்டையைச் சரி செய்தாள். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது; ஒரு துளை தளர்த்தினாள்.

"ஆட்டத்துல விட்டுக் குடுக்கறதா இருக்கீங்களா?"

"இல்ல."

"அப்பச் சரி. விட்டுக் குடுத்தீங்கன்னு தெரிஞ்சா இந்த மைதானத்துக்குள்ள மறுக்கா கால் வைக்க முடியாது."

அவன் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

பந்தலில் முன்வரிசையில் பொங்கியண்ணன் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு செல்போன். பக்கத்தில் அவருடைய அக்கா வேலாத்தாள். தாயில்லாத தரணீதரனை எடுத்து வளர்த்தது அந்த அத்தைதான். குடும்பத்தில் எது நடந்தாலும் முதல் கருத்து அவளுடையதாக இருக்கும்.

"வாங்க மாமா. வாங்க பெரியம்மா."

"வந்தோம் அம்மிணி," என்றார் பொங்கியண்ணன். வேலாத்தாள் முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டாள்.

"புல்லு நல்லாப் புடிச்சிருக்குது. தண்ணி?"

"வாய்க்கால் தண்ணிங்க மாமா. மொறை வெச்சுப் பாய்ச்சறோம்."

"இத்தன பேரையும் கூப்புட்டது யாரு?"

"நாந்தாங்க."

பந்தல், மைதானம், சாப்பாட்டு இடம், குடிதண்ணீர்ப் பீப்பாய், வண்டி நிறுத்தும் இடம் என்று ஒவ்வொன்றாக அவர் கண் போய்விட்டு வந்தது. புதிதாக ஒரு ஃபேக்டரிக்குள் நுழைந்தால் அவர் இப்படித்தான் பார்ப்பார்.

அதற்குள் மார்லீன் வந்து தேஜஸ்ரீயைக் கட்டிக்கொண்டாள். ஹாலந்துக்காரி; ஐம்பது வயது. தேஜஸ்ரீ கம்பெனிக்குப் பிடித்துக் கொடுத்த முதல் பெரிய பையர்; வெளிநாட்டில் இருந்து ஆர்டர் கொடுப்பவள். மூன்று நாளாகக் குதிரை மேலேயே இருந்ததில் மூக்கு சிவந்திருந்தது. தான் போட்டிருந்த டி-ஷர்ட்டின் காலரைப் பிடித்துச் சுருட்டிக் காட்டி, இந்த சீசன் வந்த காலர் எல்லாம் இப்படித் துவண்டு போகிறது, நீ இருந்தபோது இப்படி ஒரு பீஸ்கூட வந்ததில்லை என்று ஆங்கிலத்தில் குறைப்பட்டுக்கொண்டாள்.

பொங்கியண்ணன் அந்த விரலையும் அந்தக் காலரையும் பார்த்தார். பிறகு மைதானத்தைப் பார்த்தார்.

ஆட்டம் தொடங்கியது.

மைக்கைப் பிடித்திருந்தவர் ஜெபக்குமார். நாசரேத்துக்காரர். திருப்பூர் காதர்பேட்டையில் கடை வைத்திருப்பவர்; மாதா கோயில் திருவிழாக்களில் மைக் பிடித்துப் பழகிய குரல். ஆட்டத்தின் விதிகளை முந்தின நாள்தான் வீரணனிடம் உட்கார்ந்து படித்திருந்தார்.

"மக்களே, இங்கன கவனிங்க. ஒரு ரவுண்டுக்குப் பேரு சக்கர். நமக்கு நாலு சக்கர். பந்து போற பாதைக்குக் குறுக்க குதிரைய விடப்புடாது, விட்டா ஃபவுல். தோளோட தோள் இடிச்சுத் தள்ளலாம், அதுக்குத் தடை இல்ல. கோல் விழுந்தா ரெண்டு டீமும் பக்கம் மாத்திக்கிடும். அதனால நம்ம ஆளு எந்தப் பக்கம் ஓடுதான்னு கொழம்பிராதிய."

சிரிப்பு எழுந்தது. நடுவர் பந்தை உருட்டிவிட்டார். ஆறு குதிரைகள் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டன.

முதல் சில நிமிடங்கள் தேஜஸ்ரீக்கு எதுவும் காதில் விழவில்லை. மட்டை மோதும் ஓசையும் குதிரைகளின் மூச்சும்தான். அவள் அணியில் மூன்றாவது ஆள் உடுமலையில் கால்நடை மருத்துவராக இருக்கும் கந்தப்பன். பந்தைக் காட்டிலும் எதிர்க்குதிரைகளின் நடையைத்தான் அவர் அதிகம் பார்ப்பார். "அந்தக் கறுப்புக் குதிரைக்கு வலது முன்னங்கால் சரியில்லீங்க, அந்தப் பக்கம் திரும்பாது," என்று அவள் காதருகே சொல்லிவிட்டுப் போனார். சொன்ன மாதிரியே அது திரும்பவில்லை. அந்த இடைவெளியில் புகுந்து வீரணன் முதல் கோலை அடித்தார்.

காங்கேயம் சும்மா இருக்கவில்லை. எண்ணெய் மில்காரர்கள் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர், நடுவில் தரணீதரன். அவன் ஆட்டத்தைப் பார்த்து தேஜஸ்ரீ வியந்துபோனாள். பழகின காலத்தில் பந்து பக்கத்தில் வந்தாலே கடிவாளத்தை இழுத்துக்கொள்கிறவன். இப்போது குனிந்து, வலது தோளை முழுதாக இறக்கி அடித்தான். இரண்டு கோல் அவன் மட்டையில் இருந்து வந்தது.

இரண்டாவது சக்கர் முடிந்து மணி அடித்தபோது காங்கேயம் மூன்று, கணியூர் இரண்டு.

"இடைவேளை," என்றார் ஜெபக்குமார். "இப்ப உங்களுக்கும் ஒரு சோலி இருக்கு. குதிரைக் குளம்பு பட்டு மைதானத்துல புல்லு பேந்து கெடக்கு. பாக்க வந்தவங்க எல்லாம் எறங்கி அதை மிதிச்சு அமுக்கி விடணும். உலகம் பூரா போலோவுல இதான் வழக்கம். செருப்பைக் கழத்திட்டு எறங்குங்க."

மார்லீன்தான் முதலில் இறங்கினாள். அவளைப் பார்த்துத் திருப்பூர்ப் பெண்கள் பட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பிறகு ஆண்கள். சிறிது நேரத்தில் மைதானம் முழுக்க ஜனங்கள் புல்கட்டிகளைத் தேடித் தேடி மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றுமதிக்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாற்று நட வந்தவர் போல நிதானமாக மிதித்துக்கொண்டு போனார். பொங்கியண்ணனும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கியிருந்தார்.

தேஜஸ்ரீ தண்ணீர் குடித்துவிட்டு மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தாள். ஹெல்மெட் கையில் இருந்தது. முடி வேர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது.

வேலாத்தாள் பக்கத்தில் நின்ற சொந்தக்காரப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திப் பேசும் பழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது.

"ஆம்பளையாட்ட இந்தக் குதி குதிச்சா வயித்துல எது தங்கும்? அன்னைக்கே சொன்னேன், எவ கேட்டா. குதிரை மேல ஏறித்தானே அந்தக் கொழந்தையத் தொலைச்சா."

சுற்றி இருந்தவர்களின் கால்கள் நின்றன.

தேஜஸ்ரீயும் நின்றாள். பதில் அவளிடம் இருந்தது. போன ஆனியில் இருந்தே இருந்தது. ஆனால் அது அவள் சொல்ல வேண்டிய பதில் இல்லை. அவள் சொன்னால் அது சாக்கு. சொல்ல வேண்டியவன் சொன்னால்தான் அது உண்மை. அதனால்தான் இத்தனை காலம் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் திறக்கவில்லை.

"அத்தை."

தரணீதரன் தண்ணீர் காட்டச் செம்பியை நடத்திக்கொண்டு வந்துகொண்டிருந்தான். கடிவாளத்தை விடாமல் அப்படியே நின்று பேசினான்.

"உண்டாகியிருக்கறது தெரிஞ்ச அன்னைக்கே அவ குதிரைய விட்டு எறங்கிட்டா. அப்பறம் ஏறவே இல்ல. குதிரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு டாக்டரம்மா எங்கிட்டத்தான் சொன்னாங்க. யாரு மேலயும் தப்பு இல்லீங்க அத்தை. இனிமே யாரும் அந்தப் பேச்சு பேச வேண்டாம். நம்ம ஊட்டுல மட்டும் இல்ல, எங்கயும்."

வேலாத்தாள், தம்பி ஏதாவது சொல்லுவான் என்று பொங்கியண்ணன் பக்கம் பார்த்தாள். அவர் சற்றுத் தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். காலடியில் கிடந்த புல்கட்டி ஒன்றைக் குதிகாலால் அழுத்தி, மண்ணோடு மட்டமாகும் வரை மிதித்தார்.

"போதுங்கக்கா, வாங்க," என்றார். "பந்தல் நெகலுக்குப் போலாம்."

தேஜஸ்ரீ யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள். வேங்கை காத்திருந்தது. வீரணன் கிட்டத்தில் வந்து சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்கிக் கொடுத்தார்.

"ஏறுங்கம்மா."

அவள் ஏறினாள். அத்தனை நாளாக நெஞ்சில் ஒரு பக்கமாகக் கனத்துக் கொண்டிருந்தது இறங்கி, உடம்பு நேராகிவிட்ட மாதிரி இருந்தது.

அதன் பிறகு அவள் ஆடிய ஆட்டத்தைத் திருப்பூரில் இன்னும் பல நாள் பேசுவார்கள்.

மூன்றாவது சக்கரில் மைதானத்தின் பாதியில் இருந்து தனியாகப் பந்தைக் கொண்டுபோய் சமன் செய்தாள். மைக்கில் ஜெபக்குமாரின் மூச்சுதான் கேட்டது. காங்கேயத்துப் பையன் ஒருவன் அவளுடைய பாதைக்குக் குறுக்கே பாய்ந்து ஃபவுல் வாங்கினான். அந்த இலவச அடியைக் கந்தப்பன் வீணாக்கினார். மூன்றுக்கு மூன்றாகவே நின்றது.

கடைசி சக்கர். தரணீதரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ஒரு இடத்திலும் விட்டுக் கொடுக்கவில்லை. இரண்டு முறை அவள் குதிரையோடு தோள் உரசிப் பந்தைப் பிடுங்கிக்கொண்டு போனான். இரண்டாவது முறை அவளுக்கே கோபம் வந்தது. கோபத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது.

மணி அடிக்கச் சிறிது நேரமே இருக்கும்போது, வீரணன் நீளமாக அடித்த பந்து காங்கேயத்தின் கோல் கம்பத்தை நோக்கி உருண்டது. தேஜஸ்ரீ வேங்கையை விரட்டினாள். வலது பக்கத்தில் செம்பி வந்து ஒட்டிக்கொண்டது. முழங்காலோடு முழங்கால். இரண்டு குதிரையும் ஒரே பாய்ச்சலில் ஓடின.

செம்பியைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. இடது தோளில் எது இடித்தாலும் அது ஒதுங்கிவிடும். சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். வேங்கையைச் சாய்த்து இடித்தாள்.

செம்பி ஒதுங்கவில்லை. மறுபடியும் இடித்தாள். அது காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு திருப்பி இடித்தது. ஐப்பசியில் இருந்து தினமும் விடியற்காலையில் இதைத்தான் அவன் பழக்கியிருக்கிறான்.

இனி இடித்துப் பயனில்லை. பந்து அவன் பக்கம். ஒரு நொடியில் அதைப் பின்பக்கமாக அடித்து ஆபத்தைப் போக்கிவிடுவான். அவன் தோள் திரும்புவதை அவள் பார்த்தாள்.

கடிவாளத்தை இழுத்தாள். வேங்கை முன்னங்காலை ஊன்றி வேகத்தைக் குறைத்தது. தரணீதரன் முன்னே போய்விட்டான். போகிற போக்கில் மட்டையைப் பின்பக்கமாக வீசினான். அருமையான அடி. அவனைத் தாண்டிப் பின்னால் வந்த பந்து, அவளிடம் நேராக வந்தது.

அவள் அதை நிறுத்தவில்லை. வந்த பந்தை வந்தபடியே எதிர்கொண்டு அடித்தாள். செம்பியின் வாலுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று பறந்ததைத்தான் தரணீதரன் பார்த்திருப்பான். பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவே போய், பின்னால் இருந்த சோளத்தட்டுப் போருக்குள் புகுந்தது.

மணி அடித்தது.

பந்தல் மொத்தமும் எழுந்து நின்றது. மார்லீன் தன் தொப்பியை மேலே வீசினாள். ஜெபக்குமார், "கணியூர் நாலு, காங்கேயம் மூணு, நாளைக்கு ஃபைனல்ல பெங்களூரு டீமோட நம்ம கணியூரு," என்று மூன்று முறை சொன்னார்.

தரணீதரன் குதிரையைத் திருப்பி அவள் அருகே வந்தான். மூச்சு வாங்கியது. இருவரும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை குலுக்கினார்கள். அது ஆட்டத்தின் மரியாதை. ஆனால் கையை விட இருவருக்குமே கொஞ்சம் நேரம் பிடித்தது.

"நான் பின்னாடி அடிப்பேன்னு எப்படித் தெரிஞ்சது?"

"தோள் சொல்லுச்சுங்க."

அவன் இறங்கி, செம்பியின் கடிவாளத்தை அவள் கையில் கொடுத்தான். "இவ இங்கதான் இருக்கோணும்."

"இருக்கட்டும்."

"நாளைக்குக் காலையில இன்ஸ்பெக்ஷன் இருக்குது. இப்பக் கெளம்புனாத்தான் பேக்கிங் முடியும். முடிச்சுட்டு ஃபைனலுக்கு வந்துர்றேன்."

"வந்தா உக்கார நாற்காலி இருக்கும்," என்றாள் தேஜஸ்ரீ. பிறகு, அவன் நடக்கத் தொடங்கியபோது, "ஏனுங்க," என்று கூப்பிட்டாள்.

அவன் திரும்பினான்.

"இன்னைக்குச் சொன்னீங்களே. அது எனக்குப் போதும். மறுபடியும் சொல்ல வேண்டியதில்ல."

அவன் தலையசைத்துவிட்டுப் போனான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விருந்தாளிகள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். தேஜஸ்ரீ லாயத்தின் முன்னால் குனிந்து, வேங்கையின் குளம்பைத் தொடையில் தாங்கிக்கொண்டு, ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தோப்புக்கு அந்தப் பக்கம் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பி, மண் பாதையில் இறங்கி, தார்ச்சாலை ஏறிப் போய்விட்டது.

"அம்மிணி."

திரும்பிப் பார்த்தாள். பொங்கியண்ணன் நின்றிருந்தார். செருப்பு இன்னும் கையில் இருந்தது.

"மாமா, நீங்க போகலீங்களா?"

"தரணியும் அக்காவும் போயாச்சு. நான் இருந்து ஃபைனல் பாத்துட்டுத்தான் போவேன். ரூம் இருக்குதா?"

"இருக்குதுங்க."

அவர் ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தார். எதிரே செம்பி சோளத்தட்டைத் தின்றுகொண்டிருந்தது. அதைக் கையால் காட்டினார்.

"சேலத்துக்கு அக்கட்டால ஒருத்தன் இவளக் கல்யாண ஊர்வலத்துக்கு ஓட்டிட்டு இருந்தான். தலையில தொங்கட்டான், கழுத்துல சீரியல் லைட்டு. பாக்க முடியல."

"ஆள் விட்டுத் தேடச் சொல்லியிருக்கலாமேங்க மாமா."

"வித்தது நான். நாந்தானே தேடோணும்."

தேஜஸ்ரீ வேங்கையின் அடுத்த காலைத் தூக்கிக்கொண்டாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு ஆட்டம் முடியற வரைக்கும் நீ பதில் சொல்ல வேண்டாம்."

"கேளுங்க மாமா."

"கம்பெனிய நீ வந்து நடத்தறயா?"

சுரண்டும் கை நின்றது. ஆர்டர் பார்க்க வருகிறாயா என்று கேட்பார் என அவள் ஒரு கணம் நினைத்திருந்தாள். வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்பார் எனக்கூட நினைத்திருந்தாள்.

"அவருகிட்டக் கேட்டீங்களா?"

"கார்ல ஏறும்போது கேட்டேன். அதைய அவகிட்டக் கேளுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான்." பொங்கியண்ணன் செருப்பைக் கீழே வைத்தார். "தரணி நான் சொன்னதையெல்லாம் செய்வான். தப்புன்னு தெரிஞ்சாலும் செய்வான். இன்னைக்குத்தான் எதிர்த்தாப்புல நின்னு ஒரு வார்த்தை பேசியிருக்கான். கம்பெனிக்கு வேண்டாததை வேண்டாம்னு சொல்ற ஆளு வேணும். அந்த வெள்ளக்காரம்மா காலரைச் சுருட்டிக் காட்டுனது எனக்குப் புரியலைன்னு நெனைச்சயா?"

"இங்க இத்தனையும் இருக்குதேங்க மாமா."

"இருக்குது. அதைய நீ பண்ணதப் பாத்துத்தான் கேக்கறேன்." அவர் குரல் ஒரு படி இறங்கியது. "நீ பட்டதுக்கு ஈடா இதக் குடுக்கறேன்னு எடுத்துக்காத. அதுக்கு ஈடே கெடையாது. நான் தொழிலுக்காகக் கேக்கறேன்."

தென்னை மரங்களுக்கு நடுவே வெயில் நீளமாக விழுந்திருந்தது. மைதானத்தில் கந்தப்பனும் வீரணனும் நாளைக்காகத் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தேஜஸ்ரீ குளம்பை மெல்லத் தரையில் இறக்கினாள். நிமிர்ந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"பதில் எனக்கு இப்பவே தெரியுமுங்க மாமா. ஆனா நாளைக்குன்னு சொல்லிட்டீங்க. நாளைக்கே சொல்றேன்."

பொங்கியண்ணன் அவள் முகத்தையே பார்த்தார். பையர்களின் முகத்தைப் பார்த்தே மனசில் இருப்பதைச் சொல்லிவிடுவார் என்று திருப்பூரில் அவருக்குப் பேர் உண்டு. இந்த முகத்தில் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.